வளைந்து கொடுப்பது

பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா மேனேஜருக்கு லேண்ட்ரோவர் ஓட்டினார். 1948இல் வந்த அந்த வகை வண்டிக்குக் காயில் ஸ்பிரிங் 1983இல்தான் கிடைத்தது. அப்பாவுடையது பழைய லீஃப் ஸ்பிரிங். மழைக்குப் பின் செம்மண் சடக்கில் ஒரு சக்கரம் குழியில் இறங்கும், எதிர்ப்பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும். ஸ்பிரிங் நன்றாக வளைந்தால் நாலும் மண்ணைத் தொட்டிருக்கும். இல்லாவிட்டால் ஒன்று அந்தரத்தில் தொங்கும். வேடிக்கை என்னவென்றால், டிஃபரன்ஷியல் லாக் இல்லாத அச்சில் தொங்குகிற சக்கரம்தான் சுற்றோ சுற்றென்று சுற்றும். பாரம் தாங்குகிறது அசையாது. (தோட்ட நிர்வாகமும் ஏறக்குறைய அப்படித்தான்.)

"ஏம்ப்பா எல்லாருக்கும் வளைஞ்சு கொடுக்குறீங்க?" என்று பதினாறு வயதில் கேட்டேன்.

"வளையலன்னா வண்டி நகராதுடா."

சரிதான். ஆனால் சக்கரம் குழிக்குள் இறங்குவதால்தான் உள்ளே இருப்பவர் குலுங்காமல் போகிறார். யாருக்காக வளைகிறோம் என்று கேட்காமல் அதைப் பொறுமை என்று எப்படிச் சொல்வது?

ஒருநாள் பட்டறையில் பார்த்தேன். புது ஸ்பிரிங்தான் வில்லாக வளைந்திருந்தது. வருடக்கணக்கில் பாரம் சுமந்தது தட்டையாக, நேராகக் கிடந்தது.

தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் வளைந்துதான் கொடுத்தாரா, இல்லை, வளைய ஒன்றும் மிச்சமில்லையா? இன்னும் அவரிடம் கேட்கவில்லை.