திறந்து கிடக்கும் படலைக்கு யார் பொறுப்பு?



நாம் செய்யாத ஒரு தீமைக்கு நாம் பொறுப்பாளிகளாக முடியுமா? ஒழுக்கவியலில் இது மிகப் பழைய கேள்வி. ஆயினும் இன்று அது எமது வீட்டுச் சுவரோரமாக, சின்ன விளக்குகள் மினுங்க, இரவு பகலாக விழித்திருக்கின்றது. வீட்டுக்குள் இணையத்தைக் கொண்டுவரும் ரவுட்டர் என்னும் கருவியையே குறிப்பிடுகின்றேன்.

இக்கருவியின் வேலையைச் செங்கலடியை அறிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. திருகோணமலை வீதியும் பதுளை வீதியும் கூடும் சந்தியிலே, வாகனங்கள் தத்தம் திசைக்குப் பிரிந்து செல்கின்றன. அவ்வாறே, வெளியிலிருந்து வரும் செய்திகளை இது மகளின் கைப்பேசிக்கு, இது தகப்பனின் கணினிக்கு என்று பிரித்தனுப்பும் சந்தியே ரவுட்டர். சந்தியைக் கைப்பற்றியவன் போக்குவரத்து முழுவதையும் திசைதிருப்ப வல்லவன் அல்லவா?

"கம்பனிக்காரர் வந்து பூட்டித் தந்தார், இணையம் வேலை செய்கின்றது, அது போதும்" என்றிருப்போர் எம்மில் பலர். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்றால், "என் வீட்டில் திருட என்ன இருக்கின்றது?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியில்தான் தவறு ஒளிந்திருக்கின்றது. எமக்கு என்ன நட்டம் என்று மட்டுமே அது கேட்கின்றது. எம்மால் பிறருக்கு என்ன நட்டம் என்று கேட்பதில்லை.

2016ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க இளைஞர் மூவர் 'மிராய்' என்ற தீங்கு நிரலை உருவாக்கினர். அதன் உத்தி மிக எளியது. தொழிற்சாலைகள் வழக்கமாக இடும் பெயர்களும் கடவுச்சொற்களுமாக 60க்குச் சற்று மேற்பட்ட சோடிகளை வைத்துக்கொண்டு, உலகெங்கும் வீட்டு ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கமராக்களையும் அது தட்டிப் பார்த்தது. திறந்தவற்றை எல்லாம் தன் ஏவலாட்களாக்கியது. அந்நிரல் பின்னர் பகிரங்கமாக வெளியிடப்பட, பிறரும் அதை எடுத்தாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றிக் கொடுக்கும் 'டைன்' என்ற நிறுவனத்தின் மீது இத்தகைய கருவிகள் பெருந்திரளாக ஏவப்பட்டன. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் அமெரிக்காவின் பல பகுதிகளில் பல மணி நேரம் எட்டாமற் போயின. அக்கருவிகளின் சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் தீங்கு நினைத்தவர்களல்லர். தம் வீட்டுப் பெட்டி அவ்வேளையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையே அவர்களிற் பெரும்பாலோர் அறிந்திருக்கமாட்டார்கள்.

எமது வயற்காரருக்கு இந்த உண்மை புதிதன்று. ஒரு வட்டையில் வெள்ளாமை செய்யும்போது வேலி அனைவருக்கும் பொது. அவரவர் பங்கை அவரவர் அடைக்கவேண்டும். ஒருவர் தம் பங்கை அடைக்காது விட்டால் கட்டாக்காலி மாடுகள் அவ்வழியே புகுந்து, அவரது வயலைத் தாண்டி அயலவரின் பயிரையும் மேய்ந்துவிடும். "மாட்டை நான் அவிழ்த்துவிடவில்லையே" என்று அவர் சொன்னால் வட்டையார் ஏற்பார்களா?

திருமறையில் விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரமும் இதையே சட்டமாக்குகின்றது. குழியை வெட்டி மூடாது விட்டவன், பிறருடைய மாடோ கழுதையோ அதில் விழுந்து செத்தால் ஈடு கொடுக்கவேண்டும். அவன் மாட்டைக் கொல்ல நினைத்தானா என்று சட்டம் விசாரிக்கவில்லை. குழி அவனுடையது, மூடுவது அவன் கையில் இருந்தது. அவ்வளவே.

"இந்தத் தொழில்நுட்பமெல்லாம் எனக்கு விளங்காது" என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான முறைப்பாடுதான். வெல்ல முடியாத அறியாமை, வெல்லக்கூடிய அறியாமை என அறியாமையை இரண்டாகப் பிரிப்பது எமது ஒழுக்கவியல் மரபு. கேட்டறிய வழியே இல்லாதவன் மீது குற்றமில்லை. கேட்டறிய வழியிருந்தும் கேளாதவன் தப்ப முடியாது. பொறுப்பு வீட்டுக்காரருடன் நின்றுவிடுவதுமில்லை. ஊகிக்க எளிதான கடவுச்சொல்லுடன் கருவியைச் செய்து விற்பவர் அவரிலும் பெரிய பொறுப்பாளி. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் அவ்வாறு விற்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆயினும், கொல்லன் செய்த பூட்டு நல்லதானாலும் அதைப் பூட்டவேண்டியவர் வீட்டுக்காரரே.

செய்யவேண்டியவை ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்குபவை. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். அதைக் கணினியின் உலாவியில் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே கடவுச்சொற்கள் இரண்டு உண்டு என்பதை மறவாதீர்கள். ஒன்று கைப்பேசிகளை வைஃபையில் இணைப்பதற்கு. மற்றையது அமைப்பையே மாற்றுவதற்கு. பலர் முன்னையதை மாற்றிப் பின்னையதை விட்டுவிடுகின்றனர். இரண்டையும், ஒன்றுக்கொன்று வேறாக, நீளமாக மாற்றுங்கள். மறைகுறியீட்டு முறையில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். தேவையில்லையாயின், வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியை நிறுத்துங்கள். தயாரிப்பாளர் தரும் புதிய மென்பொருளை அவ்வப்போது ஏற்றுங்கள். பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் இருத்திச் செய்வது நன்று. கருவியுடன் பொறுப்பையும் அவர்கள் கற்றுக்கொள்வர்.

இனி, நெஞ்சை உறுத்தும் கேள்வி ஒன்று எஞ்சுகின்றது. இவ்வாறு பூட்டுவது சுயநலமாகாதா? 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைப்பேசி வழியே வந்தன. வீட்டில் இணைப்பில்லாத பிள்ளைகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அயல்வீட்டுப் பிள்ளை படிக்க வந்து நிற்கையில் கடவுச்சொல் என்ற மதிலை எழுப்பலாமா?

எழுப்பவேண்டியதில்லை. படலை போடுவது யாரும் வராதிருக்க அல்ல. வருபவரை அறிந்து வரவேற்பதற்கே. பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி இணைப்பு அமைக்கும் வசதி உண்டு. அயற்பிள்ளைக்கு அதன் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அப்பிள்ளையும் படிக்கும். உங்கள் வீட்டுக் கணினிகளும் தனித்திருக்கும். யாருக்குக் கொடுத்தோம் என்று தெரிந்து கொடுப்பதே ஈகை. எவரும் எடுக்கட்டும் என்று கவனியாது விட்டுவிடுவதை ஈகை என்று பெயரிட்டு எம்மை நாமே ஏமாற்றலாகாது.

ஆகவே அன்பர்களே, அயலவரை நேசிப்பதென்பது அவருக்குக் கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. எமது பக்கத்து வேலியால் அவருக்குத் தீங்கு புகாது காப்பதும் அதனுள் அடங்கும். அந்த அயலவர் இன்று பக்கத்து வளவிலும் இருக்கலாம். முகமறியாத தூர தேசத்திலும் இருக்கலாம். எமது பங்கு வேலியை நாம் அடைத்துவிட்டோமா என்று இன்றே பார்ப்போமாக.