தூசியைத் தவிர்க்கவும்

டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கம். முதல் பக்கத்தின் மேலே பெயர், வயது 3, எடை 9 கிலோ, முகவரி எண்ணூர், சென்னை 57. நடுப் பக்கங்கள் முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் வீட்டாருக்கென்று தமிழில் எட்டு வரி அடித்துக் கொடுத்திருந்தார்கள். காயத்தை நனைக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே கொண்டுவர வேண்டும், மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது என்று போய், ஆறாவது வரியில் "தூசி, புகை உள்ள இடங்களைத் தவிர்க்கவும்" என்று இருந்தது.

"இது எந்த எடத்தண்ணே சொல்றாங்க?" என்று கேட்டாள் பிள்ளையின் அம்மா. நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அவள் வீட்டு வாசலில் நின்றால் ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகள். எங்கள் தெருவில் ஆங்கிலக் காகிதம் எது வந்தாலும் என்னிடம் வந்து சேரும். அன்றைக்கு ஆங்கிலப் பக்கங்களையெல்லாம் ஒருவழியாக விளக்கிவிட்டேன். தமிழ் வரிக்குத்தான் பொருள் சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைக்கு இருந்தது இதயத்தில் ஓட்டை. கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை என்பது பிறவி இதயக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது. ஆயிரம் குழந்தை பிறந்தால் எட்டு ஒன்பது குழந்தைக்கு ஏதாவதொரு இதயக் கோளாறு இருக்கும் என்பது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே கணக்கு. சின்ன ஓட்டையாக இருந்தால் பல நேரம் தானாகவே மூடிக்கொள்ளும். பெரியதாக இருந்தால், உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு மறுபடி நுரையீரலுக்கே திரும்பிப் போகும். நுரையீரல் எந்நேரமும் வெள்ளத்தில் கிடக்கிற மாதிரி. பால் குடிக்கும்போது பிள்ளைக்கு நெற்றி வியர்க்கும், நாலு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கும், எடை ஏறாது, சளி விடாது.

சளி விடாது என்பது எண்ணூரில் ஒரு அடையாளமே இல்லை. தாழங்குப்பத்திலோ நெட்டுக்குப்பத்திலோ இருமுகிற பிள்ளையைப் பார்த்து யார் திடுக்கிடுவார்கள்? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அது மூடுவதற்கு முன்பே, 1994-லேயே, வடசென்னை அனல்மின் நிலையம் வந்துவிட்டது. நிலக்கரிச் சாம்பல் குழாய் வழியாகப் போய்க் குட்டையில் விழ வேண்டும். போகிற வழியில் ஒழுகி ஆற்றிலும் விழுந்தது. காய்ந்த பிறகு காற்றில் ஏறி, கொடியில் காயும் துணியிலும் வந்து உட்கார்ந்தது. இப்படிப்பட்ட ஊரில் இரண்டு வருடம் இருமிய பிள்ளைக்கு இரண்டு வருடமும் இருமல் மருந்து கொடுத்ததில் யாரைக் குறை சொல்வது? கிளினிக்கில் ஆவி பிடிக்க வைத்தார்கள். அம்மாவும் "எங்க ஊரு காத்து அப்படி" என்று சொல்லித்தான் காட்டினாள். மருத்துவருக்கு வேலை மிச்சம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கடலுக்கடியில் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்கள் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து முகத்துவாரம் முழுக்கக் கருப்பாகியிருந்தது. அந்த ராத்திரி இருமிய பிள்ளைகளில் அம்மோனியாவால் இருமியது எது, இதயத்தால் இருமியது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

கடைசியில் கண்டுபிடித்தது அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த குழு. 2013 முதல் நாடு முழுக்க நடக்கிற சிறார் நலத் திட்டத்தின் கீழ் வந்தவர்கள். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்த டாக்டரம்மா எடுக்கவே இல்லையாம். இரைச்சல் கேட்டிருக்கிறது. அடுத்து எக்கோ. அதில் ஓட்டை தெரிந்தது, கூடவே நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியிருப்பதும் தெரிந்தது. பெரிய ஓட்டையை முதல் வயதுக்குள் அடைத்துவிடுவதுதான் முறை. விட்டுவிட்டால் நுரையீரலின் குழாய்கள் தடித்துப்போய், ஒரு கட்டத்தில் ரத்தம் எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிக்கும், பிள்ளை நீலமாகும். ஆஸ்திரிய மருத்துவர் விக்டர் ஐசன்மெங்கர் 1897-ல் எழுதிவைத்த நிலை அது. அதற்குப் பிறகு ஓட்டையை அடைத்தால் அடைப்பதே ஆளைக் கொல்லும். இந்தப் பிள்ளை அந்தக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. பாதி தூரம் போயிருந்தது.

பணத்துக்கு அலையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இதய ஆபரேஷனுக்கு உதவி கேட்டுப் பிள்ளையின் போட்டோவோடு பத்திரிகையில் வேண்டுகோள் வந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2008-ல் சிறார் இதய அறுவைக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2009-ல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறியபின் அது வேறு பெயரில் தொடர்ந்தது. மீன் விற்கிற ஒரு பெண் தன் பிள்ளையின் நெஞ்சைத் திறந்து மூட ஒரு ரூபாய் கட்டவில்லை. இது சின்ன விஷயமில்லை.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த சர்ஜன், "சக்ஸஸ்" என்றார். அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1954 மார்ச் 26-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லஹெய் என்ற சர்ஜன், கிரெகரி கிளிடன் என்ற 13 மாதக் குழந்தைக்கு இதே ஓட்டையைத்தான் அடைத்தார். இதய நுரையீரல் இயந்திரம் அப்போது நம்பகமாக இல்லை. பிள்ளையின் ரத்தக்குழாயை அப்பாவின் ரத்தக்குழாயோடு இணைத்து, அப்பாவின் இதயமும் நுரையீரலுமே அந்த நேரத்துக்குப் பிள்ளைக்கும் வேலை செய்யும்படி வைத்தார்கள். ஓட்டை கச்சிதமாக மூடியது. பதினோராம் நாள் குழந்தை நிமோனியாவில் இறந்தது. இதயம் சரியாகத்தான் இருந்தது. அந்த முறையில் மொத்தம் 45 பேருக்குச் செய்தார்கள், 28 பேர் வீடு திரும்பினார்கள். இதய அறுவையின் வரலாற்றில் கிரெகரியின் ஆபரேஷன் ஒரு வெற்றி. அவனுடைய அம்மா அதை எந்தக் கணக்கில் வைத்தாள் என்பதை அந்த வரலாறு சொல்வதில்லை.

ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரவுதான் கண்டம். ரத்தம் கசியலாம், துடிப்பு தாறுமாறாகலாம், தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஓடும் மின்பாதை அடிபட்டுத் துடிப்பே மந்தமாகலாம். அப்போது வெளியிலிருந்து துடிப்பைத் தூண்டத்தான் வயிற்றுத் தோல் வழியே மெல்லிய கம்பிகளை வெளியே விட்டு வைக்கிறார்கள். இத்தனை மானிட்டர்கள் இருந்தும் ஐ.சி.யூ. நர்ஸ் அடிக்கடி செய்த காரியம், போர்வையை விலக்கிப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தது. பாதம் சூடாக இருந்தால் இதயம் ரத்தத்தைக் கடைசிவரை தள்ளுகிறது என்று அர்த்தம். அடுத்தது சிறுநீர். ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஒரு மில்லியாவது வர வேண்டும். அந்தப் பையில் ஒன்பது மில்லி சேர்ந்ததா என்று பார்க்க அத்தனை பேர் நின்றிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள், தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சும்போது பிள்ளை நீலமாகிவிட்டது. நுரையீரல் அழுத்தம் திடீரென்று எகிறியிருக்கிறது. தாமதமாக வந்த பிள்ளைகளுக்கு இது நேரும். மயக்க மருந்து, ஆக்சிஜன், கூடவே சிலிண்டரிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு. நுரையீரலின் குழாய்களை மட்டும் தளர்த்திவிடுகிற வாயு அது. பத்து லட்சம் பங்கு காற்றில் இருபது பங்கு என்று எண்ணி எண்ணிக் கொடுக்கிறார்கள். விலை அதிகம். இதே வாயு லாரி எஞ்சினிலும் நிலக்கரி உலையிலும் இருந்து எண்ணாமலே வருகிறது. வெளிக்காற்றில் கலந்து நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி மூச்சுக்குழாயை எரிக்கிறது. எங்கள் ஊரில் அது இலவசம்.

ஆறு நாள் வென்டிலேட்டர். பிறகு வார்டு. பிறகு அந்த நான்கு பக்கத் தாள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் சிக்கல் பாசம். மார்பெலும்பை நடுவில் அறுத்து, எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை முதுகுக்கு, ஒரு கை பின்புறத்துக்குக் கீழே, அள்ளி எடுக்க வேண்டும். குப்பத்தில் பிள்ளையை யாராவது அள்ளி எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வலையைத் தூக்குகிற மாதிரி ஒரே இழுப்புதான். பார்க்க வந்த சனமெல்லாம் கையை நீட்டிக்கொண்டே வந்தது. ஆயா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரையும் தடுத்தாள். "கிட்ட வராத, கம்பி கட்டிக்கீது" என்று அவள் போட்ட சத்தத்தில் பிள்ளையே பயந்து அழுதது. எட்டு வாரமும் காவல் இருந்தாள்.

அடுத்து மருந்துக் கடை. நுரையீரல் அழுத்தத்துக்கு எழுதிக் கொடுத்த சில்டெனாஃபில், வேறு பெயரில் பெரியவர்கள் தயங்கித் தயங்கி வாங்குகிற மருந்தும்தான். கடைப் பையன் சீட்டையும் பார்த்து அவளையும் பார்த்திருக்கிறான். "மூணு வயசுப் புள்ளைக்கா?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். அன்றைக்கு வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் நான் போய் வாங்கி வந்தேன். ஒரு வேளை தப்பியதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அது எந்தப் பட்டியலிலும் அறுவைக்குப் பிந்தைய சிக்கல் என்று ஏறியிருக்காது.

காய்ச்சல் வந்தால் இங்கே எல்லோரும் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம். இந்தப் பிள்ளைக்கு அப்படிப் பார்க்க முடியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக் காய்ச்சல் வரலாம். பல்லில் சொத்தை விழுந்தால் கிருமி ரத்தத்தில் ஏறி ஒட்டுப் போட்ட இடத்தில் போய்த் தங்கலாம். ஆகவே பல் தேய்ப்பதும் இதய வைத்தியம்தான். இதெல்லாம் தாளில் இருக்கிறது. ரிவ்யூவுக்குப் போகிற நாளில் கருவாட்டுக் கூடை இறங்காது, அன்றைய காசு கிடையாது என்பது இல்லை. காப்பீட்டுத் திட்டத்தில் தொடர் சிகிச்சைக்கும் சில இனங்கள் உண்டு. கூலி போன நாளுக்கு இனம் கிடையாது.

ரிவ்யூவுக்குப் போய்ச் சேர்வதே ஒரு பாடு. 2008 செப்டம்பரில், மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பதினோரு நிமிடத்தில் போனது. போலீஸ் வழியெல்லாம் ரோட்டைக் காலியாக்கிக் கொடுத்தது. டாக்டர் செரியனின் மருத்துவமனையில் ஒன்பது வயதுச் சிறுமிக்கு அதைப் பொருத்தினார்கள். நினைத்தால் சென்னையால் முடியும் என்பதற்கு அது சாட்சி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர்கள் வரிசை கட்டி நிற்கிற நாளில், மெட்ரோ தொடங்கும் விம்கோ நகருக்கு ஆட்டோவில் போய்ச் சேர்வதற்கே அதைப்போலச் சில மடங்கு நேரம் ஆகிறது. இதயம் பிள்ளைக்குள்ளே இருந்துவிட்டால் அவ்வளவு அவசரம் தேவையில்லை போலிருக்கிறது.

அறுவைக்குப் பின் நடப்பதை எண்ணிப் பார்க்கவும் ஆள் வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவமனை ஒன்றில், இதய அறுவைக்குப் பின் குழந்தைகள் மற்ற இடங்களைவிட அதிகமாக இறந்தார்கள். ஒரு மயக்க மருந்து நிபுணர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. 2001-ல் வந்த விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்றது. அதன் பிறகு அங்கே மருத்துவமனை வாரியாகக் கணக்கு வெளியாகிறது. நமது மேடைகளில் எத்தனை ஆபரேஷன் செய்தோம் என்பதைக் கேட்டிருக்கிறேன். செய்த பிள்ளைகள் ஒரு வருடம் கழித்து எத்தனை கிலோ இருக்கிறார்கள், எத்தனை தடவை நிமோனியாவில் படுத்தார்கள், எந்த ஊரில் அதிகம் படுத்தார்கள் என்று ஒரு மேடையிலும் கேட்டதில்லை. கடைசிக் கேள்வியைக் கேட்டால் பதில் எந்த ஊர் என்று வரும் என்பதை ஊகிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கன்சென்ட் வாங்கினார்கள். ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, பக்கவாதம், மரணம் வரை ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, பிறகுதான் கையெழுத்து. ஆலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் இசைவுக்கும் பெயர் கன்சென்ட்தான், "கன்சென்ட் டு ஆபரேட்". அதில் வரக்கூடிய சிக்கல்களை எங்கள் தெருவில் யாரும் வந்து படித்துக் காட்டியதில்லை. நெஞ்சு எங்களுடையது, கையெழுத்து வேறு யாருடையதோ.

வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் மதராஸிலிருந்து காற்று வாங்க எண்ணூருக்கு வருவார்களாம். தண்ணீரோரம் பங்களா கட்டிக்கொண்டு ஓய்வெடுத்தார்களாம். அந்தக் காலத்து டாக்டர் இந்தப் பிள்ளைக்குத் தாள் எழுதியிருந்தால், எண்ணூருக்குக் கூட்டிப் போங்கள் என்றுகூட எழுதியிருப்பார்.

மூன்றாம் மாத ரிவ்யூவில் எடை 10 கிலோ 200 கிராம். அழுத்தம் குறைந்திருக்கிறது. இருமல் மட்டும் இருக்கிறது. ஊரை மாற்ற முடியுமா என்று இளம் டாக்டர் ஒருவர் கேட்டாராம். "வீட்டுக்காரருக்குக் கடல்ல தொழிலு சார், கடல எங்க மாத்துறது?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் எதுவும் சொல்லாமல் இன்னொரு சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி தூங்கும் முன் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எண்ணூர் முகவரியோடு ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது அந்தத் தாளை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அம்மாவிடம் கொடுங்கள், ஏழு வரியை அவள் பார்த்துக்கொள்வாள். இன்னொன்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிவையுங்கள். ஆறாவது வரி அவர்களுக்கு உரியது.