காலிப் பெட்டிக்கு யார் பொறுப்பு?

விற்ற பொருளுக்கு விற்றவர் பொறுப்பு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பழுதென்றால் மாற்றித் தர வேண்டும்; அளவு குறைந்தால் ஈடு செய்ய வேண்டும். அந்தப் பொருளைச் சுற்றி வந்த பெட்டிக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியை மட்டும் நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. வாங்கியவர் பிரித்தார், எறிந்தார், நகராட்சி அள்ளியது. 1990இல் ஸ்வீடனின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட், பொருளின் கடைசிக் காலம்வரை தயாரித்தவருக்குப் பங்கு உண்டு என்ற கருத்துக்கு ‘விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்று பெயரிட்டார். மறு ஆண்டே ஜெர்மனி, பொட்டலத்தைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே அதன் கழிவுச் செலவையும் ஏற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அந்தப் பொறுப்பு இப்போது கடல் தாண்டி, திருவள்ளூர் மாவட்டத்துச் சிறு பட்டறைகளின் பேக்கிங் மேசைக்கும் வந்துவிட்டது.

வந்த வழி நேரானது. 2019 ஜனவரி 1இல் ஜெர்மனியில் புதிய பொட்டலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்குள்ள வாடிக்கையாளர் வீட்டுக்குப் பொருள் அனுப்பும் எவரும், எந்த நாட்டில் இருந்தாலும், ‘லூசிட்’ என்ற பொதுப் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும். பதிவுக்குக் கட்டணமில்லை. அதற்கு மேல், அனுப்பும் அட்டை எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு என்று எடை வாரியாகக் கணக்குக் கொடுத்து, கழிவைத் திரட்டும் அமைப்பு ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும். குறைந்தபட்ச அளவு என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு பார்சலானாலும் சட்டம் பொருந்தும். பதியாதவருக்கு 1 லட்சம் யூரோ வரையிலும், பணம் கட்டாதவருக்கு 2 லட்சம் யூரோ வரையிலும் அபராதம் விதிக்க இடமுண்டு. 2022 ஜூலை 1 முதல் பதிவு எண் இல்லாத விற்பனையாளரைத் தம் தளத்தில் விற்க விடக்கூடாது என்ற கடமை ஆன்லைன் சந்தைகள்மேல் விழுந்தது. சட்டம் படிக்காதவரையும் அமேசான் கணக்கு முடங்கியதும் சட்டம் தேடி வந்துவிட்டது.

காக்களூர் சிட்கோ பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டியோ இயங்கும் ஒரு பட்டறையை எண்ணிக்கொள்வோம். நான்கைந்து பேர் வேலை செய்கிறார்கள். பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் போக, எஃகுக் கைப்பிடிகளையும் கொக்கிகளையும் ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். கடல் காற்றில் துரு ஏறாதிருக்க ஒவ்வொன்றையும் வி.சி.ஐ. கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து, பப்பிள் ஷீட்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் இறக்கி, டேப் ஒட்டுகிறார்கள். ஒரு பார்சலுக்கு அட்டை 200 கிராம், பிளாஸ்டிக் 20 கிராம் என்று கொள்வோம். ஆண்டுக்கு ஜெர்மனிக்கு 50 பார்சல் போனால் 10 கிலோ அட்டை, 1 கிலோ பிளாஸ்டிக். இந்தப் பதினொரு கிலோவுக்கு வேற்று மொழிச் சட்டத்தைப் புரிந்துகொண்டு, பதிவு எண் பெற்று, கணக்குக் காட்ட வேண்டும். பிரான்சுக்கும் அனுப்பினால் அங்கே வேறு பதிவு, பெட்டியில் வேறு குறியீடு.

பெரிய ஏற்றுமதியாளரின் நிலைமை வேறு. காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு ஏற்றுபவருக்கு மறுகரையில் ஓர் இறக்குமதியாளர் இருக்கிறார். எல்லையைக் கடக்கும்போது சரக்குக்குச் சட்டப்படி உரியவர் அவர் என்றால் பொட்டலப் பொறுப்பும் அவரையே சேரும். வாடிக்கையாளர் வீட்டுக்கு நேரே அனுப்பும் சிறு விற்பனையாளருக்கு அங்கே ஆளில்லை. அதனால் பொறுப்பு அவர் தலையிலேயே விழுகிறது. டன் கணக்கில் அனுப்புபவர் இந்தப் பதிவேட்டின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் இருக்கலாம். கிலோக் கணக்கில் அனுப்புபவர் அதில் தவறாமல் இருக்க வேண்டும். இது நியாயமா என்று அவர் கேட்டால் அதை முணுமுணுப்பு என்று தள்ளிவிட முடியாது.

அவர் தரப்பில் இன்னும் வாதங்கள் உண்டு. அந்தச் சட்டத்தை இயற்றியவர்களுக்கு அவர் ஓட்டுப் போடவில்லை. பொருளைக் கேட்டவர் வாடிக்கையாளர். பெட்டியைக் குப்பையில் போடுவதும் அவரே. இவற்றைவிடக் கனமான வாதம் ஒன்று: பணக்கார நாடுகள் தம் குப்பையைப் பல காலம் ஆசியாவுக்குத்தான் அனுப்பின. 2018இல் சீனா கதவை அடைத்ததும் அந்தக் கழிவு மற்ற ஆசிய நாடுகளை நோக்கித் திரும்பியது. 2019இல் இந்தியா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை போட்டது. 2021 ஜனவரி 1 முதல், நாடுகளுக்கிடையே கழிவு செல்வதைப் பற்றிய பாசல் ஒப்பந்தத்தின் திருத்தம் இந்தக் கழிவு வணிகத்தை உலக அளவில் கட்டுப்படுத்தியது. கப்பல் கப்பலாகக் கழிவை ஏற்றி அனுப்பியவர்கள் பதினொரு கிலோவுக்குக் கணக்குக் கேட்பதா?

குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் அது யார் கணக்கில் சேர வேண்டும்? அந்தக் கப்பல்களை அனுப்பிய அரசுகளும் கழிவு வணிகர்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஹாம்பர்க் தெருவில் வாரம்தோறும் குப்பை வாரும் தொழிலாளி அந்தக் கடனை வாங்கியவரல்லர். ஒருவர் செய்த அநீதியை இன்னொருவர் வீட்டு வாசலில் தீர்த்துக்கொள்ள அறம் இடம் தராது. அந்த வரலாறு வேறொன்றைக் கேட்கும் உரிமையைத் தருகிறது: வசூலித்த பணம் உண்மையிலேயே மறுசுழற்சிக்குப் போகிறது, வேறொரு ஏழை நாட்டுக் கரையில் கழிவாக இறங்கவில்லை என்று காட்டும் பொறுப்பு வசூலிப்பவருக்கு உண்டு.

வாடிக்கையாளரே எறிகிறார் என்ற வாதமும் முழுதாக நிற்கவில்லை. அவர் கேட்டது கைப்பிடியை. அதை எத்தனை சுற்றுச் சுற்றுவது, எந்த அளவுப் பெட்டியில் வைப்பது, இடைவெளியைக் காகிதத்தால் நிரப்புவதா தெர்மாகோலால் நிரப்புவதா என்பதையெல்லாம் முடிவு செய்தவர் விற்பனையாளர். முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பின் பெரும்பங்கு இருக்க முடியும். ஒருவர் கட்டாத கழிவுச் செலவு மறைந்து போவதுமில்லை. ஒழுங்காகக் கட்டும் மற்றவர்கள்மேல் அது ஏறுகிறது. அந்த மற்றவர்களில் வாடிக்கையாளரின் தெருவிலேயே கைப்பிடி விற்கும் ஜெர்மானியச் சிறு கடைக்காரரும் இருக்கிறார். அவர் கட்டுவதைக் கட்டாமல் அவரைவிட விலை குறைத்து விற்பது திறமையில் வந்த வெற்றியல்ல. வணிகருக்குரிய நெறியைத் திருக்குறள் ஈகை அதிகாரத்தில் வைக்கவில்லை, நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறது. கழிவுச் செலவைக் கட்டுவதையும் தாராள மனம் என்று கருத வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கலில் நேர்மை என்றால் போதும்.

அந்நிய நாட்டு விதி என்பதாலேயே அது கட்டுப்படுத்தாது என்று சொல்பவர் தம் மரப் பேலட்டைத் திருப்பிப் பார்க்கலாம். மரத்துக்குள் இருக்கும் பூச்சி வேறு நாட்டுக் காடுகளை அழித்துவிடும் என்பதற்காக, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றியோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தியோ முத்திரை குத்த வேண்டும் என்ற சர்வதேச விதி 2002இல் வந்தது. முத்திரை இல்லாத பேலட் துறைமுகத்தில் நின்றுவிடும் என்பது கும்மிடிப்பூண்டியில் சரக்குக் கட்டும் எவருக்கும் தெரியும். அந்த விதியை யாரும் அந்நியத் திணிப்பு என்று பேசுவதில்லை. நம் பெட்டி பிறர் மண்ணில் கேடு செய்யக்கூடாது என்ற கொள்கையை இங்குள்ள வணிகம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. பூச்சிக்குப் பொருந்தும் கொள்கை பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும்.

ஆக, கடமை உண்டு. அதன் வடிவம் சரியா என்பது வேறு கேள்வி. எடைக்கு ஏற்ற கட்டணம் நியாயமானது; குறைவாக அனுப்புபவர் குறைவாகக் கட்டுவார். ஆனால் சட்டத்தைப் படிக்கவும், படிவம் நிரப்பவும், கன்சல்டன்ட் பிடிக்கவும் ஆகும் செலவு எடையைப் பார்ப்பதில்லை. பதினொரு கிலோவுக்கும் பதினோராயிரம் கிலோவுக்கும் அது ஏறக்குறைய ஒன்றே. பிரிட்டன் தன் பிளாஸ்டிக் பொட்டல வரியில் ஆண்டுக்கு 10 டன்னுக்குக் கீழே இருப்பவரை விட்டுவிடுகிறது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு விதிகள் குறு, சிறு நிறுவனங்களாக உள்ள பிராண்ட் உரிமையாளர்களுக்கு விலக்குத் தந்தன. விலக்கு இரக்கமுள்ளதாகத் தோன்றும். ஆனால் விலக்குப் பெற்ற கழிவையும் யாரோ ஒருவர் அள்ளத்தான் வேண்டும். நம் ஊர்களில் அது தூய்மைப் பணியாளரின் முதுகில் ஏறுகிறது. சிறியவர் சுமையை அவரைவிடச் சிறியவருக்கு மாற்றுவதை நீதி என்று சொல்ல முடியாது.

சுமையை மேல்நோக்கி மாற்றுவதே சரியான வழி. இந்தியாவின் 2024 மார்ச் திருத்தம், பொட்டலம் தயாரிக்கும் குறு, சிறு நிறுவனங்களின் பொறுப்பை அவர்களுக்குப் பிளாஸ்டிக் மூலப்பொருள் தருபவரிடம் கொண்டுபோனது. ஜெர்மனியிலும் ரொட்டிக் கடைக்காரர் பயன்படுத்தும் பைக்கான கட்டணத்தைப் பையை விற்றவரே முன்கூட்டிக் கட்டிவிடலாம். பார்சல் அனுப்புபவருக்கு இந்த வசதி இல்லை. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் எடுக்கும் ஆன்லைன் சந்தைகள், எடைக் கணக்கை வாங்கி, பதிவையும் கட்டணத்தையும் சிறு விற்பனையாளர் சார்பில் முடித்துக் கொடுக்கலாம். பதிவு எண்ணைச் சரிபார்த்துக் கணக்கை முடக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் செய்யத் தெரியாமலிருக்காது.

இவ்வளவும் வெளியே பார்த்துப் பேசியது. உள்ளே திரும்பினால் கேள்வி கூர்மையாகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், பை எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைச் சொல்வது நான்காம் விதி. ஏற்றுமதி ஆர்டருக்காகத் தயாரிக்கும் ஏற்றுமதி சார்ந்த அலகுகளுக்கும் சிறப்புப் பொருளாதார மண்டல அலகுகளுக்கும் அந்த விதி பொருந்தாது. ஆனால் ஏற்றுமதியாகாமல் மீந்ததற்கும் கழித்ததற்கும் அந்த விலக்கு இல்லை. 2019 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு பிளாஸ்டிக் தடையிலும் ஏற்றுமதிக்கென இதேபோன்ற விலக்கு இருந்தது. இதன் பொருள் வெளிப்படை: இங்கே விழுந்தால் கேடு, அங்கே விழுந்தால் நமக்கென்ன? தம் குப்பையைக் கப்பலேற்றிய நாடுகள் சொன்னதும் இதைத்தான். எல்லையோடு பொறுப்பு முடிகிறது என்ற அதே எண்ணம் இரு கரையிலும் இருக்கிறது. அவர்களைக் குற்றம் சாட்டும் தகுதி வேண்டுமென்றால் இந்த விலக்கை நாம் கைவிட வேண்டும்.

பட்டறை அளவில் இதன் மறுபக்கத்தையும் காணலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025/40 எண் ஒழுங்குமுறை 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்தும் என்று நாள் குறித்தது. அதன்படி 2030இலிருந்தோ அதற்குச் சற்றுப் பின்னரோ ஆன்லைன் பார்சலில் காலி இடம் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. பப்பிள் ஷீட்டும் காகிதச் சுருளும் அடைத்த இடமும் காலி இடமாகவே எண்ணப்படும். இதற்கு அஞ்சி வெளிநாட்டுப் பெட்டியைச் சுருக்கி, காகித டேப் ஒட்டும் பட்டறை, பொன்னேரிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் அனுப்பும் பெட்டியில் பழையபடி தெர்மாகோலைத் திணிக்கலாம். மூலப்பொருளோடு வந்த ஸ்ட்ரெட்ச் ஃபிலிமைக் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் குவித்து மாலையில் கொளுத்தலாம். லூசிட் பதிவேட்டில் அதன் பெயர் சுத்தமாகவே இருக்கும். கொளுத்தாமல் விட்டது மழைநீரோடு ஆரணியாற்றில் இறங்கிப் பழவேற்காட்டு மீனவர் வலையில் ஏறும்போது, அது ஏற்றுமதிச் சரக்கின் மிச்சமா உள்ளூர்ச் சரக்கின் மிச்சமா என்று வலை பிரித்துப் பார்ப்பதில்லை. அபராதம் உள்ள இடத்தில் மட்டும் ஒழுங்காக இருப்பவர் அபராதத்துக்கு மதிப்புக் கொடுக்கிறார், மனிதருக்குக் கொடுக்கவில்லை.

சிறு விற்பனையாளரிடம் கேட்க வேண்டியதை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். கழிவைக் குறைப்பது முதல் கடமை. அதற்குச் சட்டமோ பதிவோ தேவையில்லை. ஒரு தராசும் இரண்டு மூன்று அளவுப் பெட்டிகளும் இருந்தால் தொடங்கலாம். துருப்பிடித்துத் திரும்பி வரும் பொருளும் கழிவுதான் என்பதால் வி.சி.ஐ. கவர் இருக்கட்டும், வெற்றிடத்தை நிரப்பும் பிளாஸ்டிக் போகட்டும். பதிவும் கணக்கும் இரண்டாவது கடமை. அதன் வடிவத்தை எதிர்த்து வாதாடலாம். சங்கம் வழியாகக் குரல் கொடுக்கலாம். பேட்டையில் பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒருவரை அமர்த்தி எல்லாருக்கும் கணக்கெழுதச் சொல்லலாம். கட்டுப்படியாகாவிட்டால் அந்த நாட்டுக்கு விற்பதை நிறுத்திக்கொள்ளலாம். அது நட்டமே தவிரத் தவறல்ல. எடையைக் குறைத்து எழுதுவதும், வணிகப் பார்சலை அன்பளிப்பு என்று அறிவிப்பதும் மட்டும் எந்த வாதத்தாலும் நியாயமாகாது. சட்டம் கடுமையானது என்பதால் பொய் சிறியதாகிவிடாது.

பெரியவர்களிடம் கேட்க வேண்டியது இதைவிட அதிகம். சட்டம் போடும் நாடு சிறியவருக்கு எளிய வாசலைத் திறக்க வேண்டும். ஆன்லைன் சந்தை தன் கமிஷனுக்கேற்ற பொறுப்பை ஏற்க வேண்டும். இந்திய அரசு ஏற்றுமதி விலக்கை நீக்க வேண்டும். இவையெல்லாம் நடக்கும்வரை தன் பங்கைத் தள்ளிப்போட மட்டும் பட்டறைக்காரருக்கு உரிமையில்லை. ஜெர்மனிக்குப் போகும் பெட்டியில் அவர் குறைக்க முடிந்த பிளாஸ்டிக்கைப் பொன்னேரிக்குப் போகும் பெட்டியிலும் குறைக்க முடியும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது அவர் கையில் இருக்கிறது. அதற்கு யாருடைய பதிவு எண்ணும் வேண்டியதில்லை.