கண் தெரியாத கடைக்காரருக்கு எத்தனை காசு?

எண்பதுகளின் வீடியோ கேம் என்றாலே நம்ம அப்பா காலத்து ஆட்கள் பேக்-மேன், டெட்ரிஸ், மாரியோ என்று அடுக்குவார்கள். என்னைக் கேட்டால் முதலிடம் 'அல்டிமா 4'-க்குத்தான். 1985-இல் ரிச்சர்ட் கேரியட் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய விளையாட்டு. அதன் துணைத்தலைப்பிலேயே 'அவதார்' வருகிறது. நம்ம சொல்தான், ஆனால் திசை வேறு. நமக்கு அவதாரம் என்றால் இறைவன் இறங்கி வருவது. இதில் சாதாரண மனுஷன் நல்லவனாகி அந்த நிலைக்கு ஏறணும்.

கடைசியில் கொல்வதற்கு வில்லன் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், கண்ணியம், ஆன்மிகம், பணிவு என்று எட்டு குணங்களை வளர்க்கணும். மூலிகை விற்பவருக்குக் கண் தெரியாது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நாமேதான் தட்டணும். குறைத்துக் கொடுத்தாலும் மூலிகை கிடைத்துவிடும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் உள்ளே நேர்மையின் எண் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அந்த எண் திரையில் வராது. கோட்டையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய்க் கேட்டால், அவரும் ஜாடையாகத்தான் சொல்வார்.

பிச்சைக்காரருக்கு ஒரு காசு போட்டாலும், ஐம்பது போட்டாலும் இரக்கம் ஒரே அளவுதான் ஏறும். இது தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு காசுக்கு மேல் போடமாட்டார்கள்! அப்படிப் போட்ட காசு தர்மமா?

"வாங்குறவனுக்குக் காசு காசுதானே" என்பான் என் அறை நண்பன். பசித்தவன் காரணம் கேட்கமாட்டான் என்பது உண்மைதான். ஆனால் எண்ணைக் காட்டிவிட்டால், நாம் எண்ணுக்குத் தகுந்த மாதிரிதான் நடக்கிறோம். விடுதியில் அடுத்த வருஷமும் அறை வேணும்னா மெரிட் புள்ளி சேர்க்கணும். முதியோர் இல்லத்துக்குப் போகும் நாளில், பாரத்தில் கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். ஒருவன் மட்டும் வேன் வரும்வரை ஒரு தாத்தாவின் ரப்பர் தோட்டத்துக் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பான். இருவருக்கும் ஒரே புள்ளி. எஞ்சினியரிங் பாஷையில் சொன்னால், சென்சார் அளக்கத் தெரிந்ததை மட்டும்தான் அளக்கும்.

கேரியட் எண்ணை மறைத்தது அதனால்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எண் தெரியாதபோது, 'நான் எப்படி நடந்தேன்?' என்று நம்மையே கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் விடுதியில் காலையில் ஓர் அக்கா நாசி லெமாக் பொட்டலங்களை மேசையில் வைத்துவிட்டுப் போவார். பக்கத்தில் ஒரு டப்பா. காசைப் போட்டு, மீதியை நாமே எடுத்துக்கணும். மெரிட் இல்லை, கேமராவும் இல்லை. பத்து மணிக்கு அக்கா வந்து, டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவார்.