செய்தவர் இல்லாத வலி

எண்ணூர் முகத்துவாரம் முதல் காசிமேடு வரை வலை இழுப்போர் ‘சொறி’ என்று அழைக்கும் இழுதுமீன் உடலில் பட்டால் எரிச்சலும் தடிப்பும் உண்டாகும் என்பது அனைவரும் அறிந்ததே; எனினும், அந்தத் துன்பத்தைச் செய்தது யார் என்ற வினா வினைக்கொள்கையின் பழைய சிக்கல் ஒன்றைத் தொடுகிறது. இவ்வுயிருக்கு மூளை இல்லை. இதன் கொட்டும் செல் ஒவ்வொன்றிலும், நஞ்சைச் செலுத்தும் நுண்ணிய நூல் சுருண்டு கிடக்கும் ஓர் உறை உண்டு. தொடுகையாலோ நன்னீர் படுவதாலோ அவ்வுறை வெடிப்பதால், அறுந்த இழையும் கரையில் செத்துக் கிடக்கும் உடலும்கூடக் கொட்டவல்லவை. கரீபியக் கடலின் வெதுவெதுப்பான நீரில் வாழும், தையற்காரரின் அங்குஸ்தான் அளவேயான லினூக்கி என்னும் இனத்தின் இளவுயிரிகள், குளிப்போரின் நீச்சலுடைக்குள் சிக்கி அரிப்பை எழுப்புவதோடு, சரியாகத் துவைக்காமல் உலர்த்திய உடையை மீண்டும் அணியும்போதும் அரிப்பைத் தருகின்றன. அப்போது அந்த உடையில் உயிருள்ள எதுவும் இல்லை.

கருத்தோடு செய்வதே வினை என்னும் பௌத்தத்தின்படி இங்கே வினையே நிகழவில்லை. அறியாமல் செய்த கொலையும் உயிரைப் பற்றும் எனக் கருதும் சமணமோ, அதனாலேயே மயிற்பீலி ஏந்தி நடக்கும் துறவியைப் போற்றுகிறது. மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில், கௌதமி என்பவளின் மகனைக் கடித்த பாம்பு சாவின் தெய்வமான மிருத்யுவையும், மிருத்யு காலத்தின் தெய்வமான காலனையும், காலன் இறந்த சிறுவனின் முன்வினையையும் காரணமாகக் காட்டுகின்றனர். இவ்விடை குற்றத்தைத் துன்பப்பட்டவர் மேலேயே சுமத்திவிடுகிறது.

மூளையில்லா உயிருக்குக் கருத்தே இராது என்றும் எளிதில் சொல்வதற்கில்லை: சதுப்புக்காட்டு நீரில் வாழும், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே உள்ள திரிபெடாலியா என்னும் பெட்டி இழுதுமீன் பட்டறிவால் தடைகளை விலக்கக் கற்கிறது என 2023இல் ஆய்வாளர் நிறுவினர். ஆயினும் கற்பது முழு உயிர்; அறுந்த இழையின் செல்லுக்கு அக்கல்வியும் இல்லை.

திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பாடிய வள்ளலார் வலியுறுத்திய சீவகாருண்யம் எல்லா உயிர்க்கும் இரங்கச் சொல்கிறது. ஆனால் இரங்குவது வேறு, மன்னிப்பது வேறு; சொறியை மன்னிப்பதற்கு இடமில்லை, ஏனெனில் மன்னிப்புக்கு முன் ஒரு குற்றம் வேண்டும். கொட்டிய இடத்தை ஆத்திரத்தில் மணலால் தேய்த்தாலோ நன்னீர் ஊற்றினாலோ, தோலில் ஒட்டிய வெடிக்காத உறைகளும் வெடித்து வேதனை மிகும். கடல்நீரால் மெல்லக் கழுவுவதே தகும். ஆகவே முதல் வலிக்குச் செய்தவர் இல்லையெனினும், இதை அறிந்தும் தேய்ப்பவர் அடுத்த வலிக்குத் தாமே கருத்தாவாகிறார். வினை என்ற சொல் பொருள்பெறுவது அந்த இடத்திலிருந்துதான்.