விற்க வந்தவரின் அமைதி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகச் சேலைக் கடைகள். வாசலில் நிற்பவர் "வாங்கோ, உள்ளுக்கு வந்து பாருங்கோ" என்று அழைக்கும்போது அவர் குரலில் பதற்றம் இருப்பதில்லை. எதிரே ஒரு முகம் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவர் பேசுகிறார். அதே மனிதரைத் தொலைக்காட்சிக் கலையகத்தில், கமராவின் முன் முதன்முறையாக நிறுத்துங்கள். நா வறண்டுபோகும். கை நடுங்கும். பொருளும் அதேதான், விலையும் அதேதான். பிறகு ஏன் இந்த நடுக்கம்?

எதிரே இருந்த முகம் மறைந்துவிட்டது. அது இருந்த இடத்தில் மனம் தன்னையே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. நான் எப்படித் தெரிகிறேன், என் பேச்சு எடுபடுகிறதா, என் பொருள் விலைபோகுமா என்று தன்னையே சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த வட்டத்துக்குள் அகப்பட்ட மனத்தை நாம் கடிந்துகொள்ள வேண்டாம். சற்றே அருகில் அமர்ந்து பார்ப்போம்.

பொருள் விற்பதற்கென்றே இயங்கும் தொலைக்காட்சிகளில் இந்தச் சோதனை இன்னும் கடினமானது. விருந்தினராக வந்தவருக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. எத்தனை விற்றன என்ற கணக்கு உடனுக்குடன் ஏறுகிறது, அல்லது ஏறாமல் நிற்கிறது. ஆசைக்கு உருவமில்லை என்கிறோம். அங்கே அது இலக்கமாகவே கண்முன் ஓடுகிறது. அந்த இலக்கத்தோடு மனமும் ஓடினால், கையில் இருக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அப்படியொரு தொலைக்காட்சியான அமெரிக்காவின் கியூவிசியில் 1992இல் ஜோய் மங்கானோ என்ற பெண் தோன்றினார். மூன்று பிள்ளைகளின் தாய். கையை நனைக்காமல் பிழியக்கூடிய ஒரு மொப்பை அவரே உருவாக்கியிருந்தார். முதலில் வேறொருவர் காட்டியபோது அது விற்பனையாகவில்லை. நானே வந்து காட்டுகிறேன் என்று கேட்டு வந்து நின்றார். அரை மணி நேரத்துக்குள் 18,000க்கும் அதிகமான மொப்புகள் விற்றன. அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பலரும் வியக்கிறார்கள். என் மனம் தங்குவது அதற்கு முந்திய கணத்தில். தரை துடைத்துத் துடைத்து அலுத்த ஒருத்தி, அதே வேலையைச் செய்யும் இன்னொருத்தியிடம் பேசப்போகிறாள். கமராவுக்கு அப்பால் யார் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். மறைந்த முகம் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

இறைவனே விற்க வந்த கதைகள் நம்மிடம் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சிவபெருமான் மாணிக்கம் விற்கிறார், வளையல் விற்கிறார், விறகு விற்கிறார். வளையல் விற்கும் காட்சியில் நெஞ்சம் நெடுநேரம் நின்றுவிடுகிறது. வளையலைத் தூர நின்று நீட்ட முடியாது. கையைப் பிடித்து, விரல்களை மெல்லக் குவித்து, வலிக்காமல் ஏற்ற வேண்டும். கவனமெல்லாம் அந்த ஒரு கையில் இருக்க வேண்டும். விற்பதைப் பிழைப்பென்று மட்டும் எண்ணிக் கூசும் நெஞ்சுக்கு இந்தக் கதை எத்தனை பெரிய ஆறுதல்!

நம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டிலேயே மிளகாய்த்தூள் செய்து விற்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் அதனதன் பதத்துக்கு வறுத்து, ஆறவிட்டு, அரைத்தெடுப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு நாளை தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வரலாம். தூளின் வாசம் திரையைக் கடந்து போகாது. ஆனால் பொதியைத் திறந்ததும் அந்த வாசம் முதலில் எட்டுவது அவருக்குத்தான். அதை நிதானமாக உள்ளிழுக்கட்டும். அந்த ஒரு மூச்சுக்கு நேரம் இருக்கிறது, எப்போதும் இருக்கிறது. மூச்சு இறங்க, மனமும் கூடவே இறங்கிவரும். பிறகு, அந்தத் தூளைப் போட்டு இன்றிரவு குழம்பு வைக்கப்போகும் ஒரு தாயை நினைக்கட்டும். அவளிடம் பேசுவது போலப் பேசட்டும். எத்தனை பொதி போயிற்று என்று இடையில் பார்க்க வேண்டாம். நிகழ்ச்சி முடிந்ததும் யாரேனும் சொல்லத்தான் போகிறார்கள்.

ஒன்றுமே விற்காமலும் போகலாம். அப்போதும் அமைதி நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. மதுரையில் விறகு சுமந்து வந்த பெருமான், கட்டை இறக்கி வைத்துவிட்டு, ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடினார். மதுரைப் பாடகர் பாணபத்திரரைப் பாட்டில் வெல்ல வந்த அந்தப் பெரும் பாடகன், ஒரு விறகு விற்பவரின் பாட்டைக் கேட்டு இரவோடு இரவாக ஊரைவிட்டே போனான். அந்த விறகுக்கு என்ன விலை கிடைத்தது என்று கதை கேட்கும் எவரும் கேட்பதில்லை.