அழித்த புள்ளிகள்

“அக்கா, இந்த மாத்திரைக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்? இப்படித்தான் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவேனா?”

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள். கைக்குழந்தைக்காரி. அடுத்த குழந்தைக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்று கருத்தடை மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்தாள். அன்று அவளுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போயிருந்தேன். டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருந்தபோது, பையிலிருந்து மாதக் காலண்டரில் கிழித்த இரண்டு தாள்களை எடுத்துக் காட்டினாள். பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, இவற்றுக்கு நடுவே சில கட்டங்களின் மூலையில் பென்சில் புள்ளிகள். காரணம் தெரியாமல் அழுத நாட்களாம். சில கட்டங்களில் புள்ளி இருந்து, ரப்பரால் அழித்த தடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“அன்னைக்கு அத்தையோட சண்டை. அதனாலதான் அழுதேன். அது மாத்திரைக் கணக்குல வராதுல்ல? அதான் அழிச்சிட்டேன்.”

மருத்துவர் நல்லவர். இரத்த அழுத்தம் பார்த்தார். தலைவலி வருகிறதா, வருமுன் கண்ணெதிரே மின்னல் போலத் தெரிகிறதா, கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ உண்டா என்று கேட்டார். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். குமட்டலுக்கு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போடச் சொன்னார். உடம்பு பழக மூன்று மாதம் ஆகும், அதுவரை பார்க்கலாம் என்றார். அதுவும் சரிதான். பலருக்குக் குமட்டலும் மார்புக் கனமும் இடையிடையே படும் உதிரமும் அதற்குள் அடங்கிவிடும். அவள் காலண்டர் தாளை வெளியே எடுக்கவே இல்லை.

நடந்தது அவ்வளவுதான். என்னால் அந்த அழித்த புள்ளிகளை விட்டு நகர முடியவில்லை. அவள் எவ்வளவு நேர்மையாக இருந்திருக்கிறாள்! மாத்திரை மேல் வீண்பழி விழக்கூடாது என்று தன் கண்ணீரையே வகை பிரித்திருக்கிறாள். ஆனால் அந்தச் சண்டை? மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தால் அது வந்திருக்குமா? வந்தாலும் அழுதிருப்பாளா? அழிக்கலாம் என்று முடிவு செய்த மனமும் மாத்திரை சாப்பிட்ட மனம்தானே.

வேறு பக்க விளைவுகளுக்குச் சாட்சி வெளியே இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை என்றாலே பயமுறுத்தும் இரத்தக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடாத பெண்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் 1 முதல் 5 பேருக்கு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேருக்கு. ஸ்கேனில் தெரியும், எண்ணலாம், ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம். எடை கூடினால் தராசு சொல்லும். மனம் கனத்துப்போனதைச் சொல்ல அந்த மனத்தை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால்தான் அவள் என்னைக் கேட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. தன் பழைய உருவத்துக்கு ஒரு வெளிச்சாட்சி தேடியிருக்கிறாள். நான் அவளைத் தினமும் பார்க்கிறவள். என்றாலும் அவள் முன்பு எப்படி இருந்தாள் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சிரிப்பாள். சில நாள் சிடுசிடுப்பாள். எல்லோரையும் போல.

எங்கள் வீட்டில் ஹார்மோன் மாத்திரை புதிதல்ல. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் குலதெய்வக் கோயில் கொடை வந்தால், பெரியம்மா ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்து என்னை மருந்துக் கடைக்கு அனுப்புவாள். கடைக்காரர் எதுவும் கேட்காமல் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார். நாள் தள்ளிப்போவதற்கான மாத்திரை. அது நோர்எத்திஸ்டிரோன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, விலக்கு வர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். கொடை முடிந்து பந்தல் பிரிக்கும்போது பெரியம்மா சுருண்டு படுத்துக்கிடப்பாள். தலையைப் பிளக்கிறது என்பாள். எங்கள் மேல் சுள்ளென்று விழுவாள். அலைச்சல், தூக்கமில்லை, அடுப்படி வேக்காடு என்று எல்லோரும் சொன்னோம். மாத்திரையை யாரும் சொல்லவில்லை. மாதவிடாயை வீட்டு விசேஷத்துக்காகத் தள்ளிப்போடும்போது கேள்வியே கிடையாது. அதே குடும்பத்துப் பெண் தனக்காக ஒரு மாத்திரை சாப்பிட்டால் மட்டும் ‘அதெல்லாம் உடம்புக்கு ஆகாது’ என்று நாலு பேர் சொல்கிறார்கள். இது எனக்குக் கோபம் தருகிறது.

ஒன்றை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பிரசவத்துக்கு, வாயுவுக்கு, பால் சுரப்புக்கு என்று எதற்கும் நம் வீட்டுக் கிழவிகளிடம் ஒரு சொல் இருக்கும். கருத்தடை மாத்திரைக்கு மட்டும் கிடையாது. தமிழ்நாட்டில் என் அம்மா காலத்துப் பெண்கள் இரண்டு பெற்றதும் ஆப்பரேஷன் செய்துகொண்டார்கள். இன்றும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் 7 மாத்திரை வெறும் இரும்புச்சத்துதான் என்பதையோ, அந்த வாரத்தில் வரும் உதிரம் ஹார்மோன் நின்றதால் வருவதே தவிர வழக்கமான மாதவிடாய் அல்ல என்பதையோ சொல்லித்தர அக்காவோ சித்தியோ இல்லை. பக்கத்து இருக்கைப் பெண் அந்தக் காலண்டரில் தனியாக எழுதிக்கொண்டிருந்தாள்.

கருத்தடை மாத்திரையின் வரலாறு பற்றி எப்போதோ ஒரு புத்தகம் படித்தேன். அட்டையும் ஆசிரியர் பெயரும் மறந்துவிட்டன. எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவரின் பெயர் மட்டும் மறக்கவில்லை. 1956-ல் போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியெத்ராஸ் குடியிருப்பில் ஏழைப் பெண்களுக்கு மாத்திரையைக் கொடுத்துச் சோதித்தபோது பொறுப்பிலிருந்தவர் அவர். தாங்கள் சோதனைக்கு உட்பட்டிருக்கிறோம் என்பதே அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. மாத்திரை கருவைத் தடுக்கிறது, ஆனால் 17 சதவீதம் பேருக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி, வயிற்றுவலி வருகிறது, இதை எல்லோருக்கும் கொடுப்பது சரியாகாது என்று அவர் எழுதினார். ஆய்வை நடத்திய கிரெகரி பிங்கஸும் ஜான் ராக்கும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனப்பிரமை என்று எண்ணினார்கள். 1960-ல் அமெரிக்க அரசு அந்த மாத்திரையைக் கருத்தடைக்கு அனுமதித்தது. அன்று அதிலிருந்த ஈஸ்ட்ரோஜன் 0.15 மில்லிகிராம். இன்று பெரும்பாலான மாத்திரைகளில் 0.03 அளவில்தான் இருக்கிறது. அந்தப் பெண்களின் குமட்டல் பொய்யில்லை.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதி. ஆனால் அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. பிங்கஸ் சில பெண்களுக்கு மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்து, குமட்டல் வரலாம் என்று எச்சரிக்கவும் செய்தார். அவர்களிலும் சிலருக்குக் குமட்டல் வந்தது. உண்மையான மாத்திரையை எச்சரிக்காமல் கொடுத்தபோது புகார் குறைந்தது. இதைக் கொண்டு பெண்களின் வாயை அடைத்தது அநியாயம். அதற்காக இந்த உண்மை இல்லாமல் போய்விடாது. புள்ளி வைக்கக் காத்திருக்கும் மனம் புள்ளிக்கான நாளைத் தேடிக்கொள்ளுமோ என்று எனக்கும் தோன்றாமலில்லை.

பெரிய ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். டென்மார்க்கில் 15 முதல் 34 வயது வரையிலான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2016-ல் வெளியான ஆய்வு, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மனச்சோர்வு மருந்தைத் தொடங்குவது மற்றவர்களைவிட அதிகம் என்றது. மற்றவர்களில் ஒன்று என்றால் இவர்களில் 1.23. பதின்வயதுப் பெண்களில் இன்னும் கூடுதல். அடுத்த ஆண்டு சுவீடனில் 340 பெண்களை இரு பிரிவாக்கி, யாருக்கு எது என்று தெரியாமல், பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் மூன்று மாதம் கொடுத்தார்கள். அதிலிருந்தது லெவோநோர்ஜெஸ்ட்ரெல் 0.15, எத்தினைல் எஸ்ட்ரடயால் 0.03. நம் மாலா-என்னிலும் இதே கலவைதான். மனச்சோர்வு கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள், வாழ்க்கை முன்போல் நன்றாயில்லை என்ற திசையில் சாய்ந்திருந்தார்கள்.

இதைப் படித்ததும் அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நோய் என்று பெயர் வைக்க முடியாத, ஆனால் வாழ்க்கையின் ருசியைக் கொஞ்சம் குறைத்துவிடுகிற ஒன்று. மருத்துவரின் கேள்விப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அவளுடைய பென்சில் புள்ளியில் இருந்தது. ஆனாலும் 340 பேரின் சராசரி, ஒருத்தியின் செவ்வாய்க்கிழமைக் கண்ணீரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அடுத்து என்ன என்று அவளும் நானும் மதிய உணவு வேளைகளில் நிறையப் பேசினோம். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் மருந்து வடியும்வரை பொறுக்க வேண்டும். நிறுத்திய பிறகும் கரு தங்கப் பல மாதங்கள் தாமதமாகலாம். மாத்திரையை நாளைக்கே நிறுத்தலாம். தன்னைத் தானே சந்தேகித்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அந்த ஒன்று பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். ஹார்மோன் சாதனத்தைக் கருப்பைக்குள் வைத்தால் உதிரப்போக்கு குறையும், விலை அதிகம். காப்பர் டி-யில் ஹார்மோன் இல்லை, உதிரப்போக்கு கூடும். தொல்லையே இல்லாத ஒன்றைத் தேடி எங்களுக்குக் கிடைக்கவில்லை. எந்தத் தொல்லையை அவளால் தாங்க முடியும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. கணவரின் பக்கம் எதுவும் பேச்சில் வராததை நான்தான் எடுத்துச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் நான் போகவில்லை.

அவள் காப்பர் டி-க்கு மாறினாள். முதல் சில மாதம் உதிரப்போக்கு அதிகம், வயிற்றுவலி வேறு. ஆனால் மனசு லேசாக இருக்கிறது என்றாள். அதே மாதம்தான் அவளுடைய மாமியார் இளைய மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போனார். எது காரணம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மகளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. நீர்க்கட்டி இருக்கலாம் என்கிறார்கள். அடுத்த முறை போகும்போது இதே வகை மாத்திரையை எழுதித் தரக்கூடும். அவளோ பதின்வயதுக்காரி. 1970-ல் வாஷிங்டனில் இந்த மாத்திரை பற்றி விசாரணை நடந்தபோது, மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட ஏன் சாட்சிக்கு அழைக்கவில்லை என்று கேட்டுச் சில பெண்கள் அவையிலேயே எழுந்து நின்றார்கள். அந்த ஆண்டுதான் மாத்திரையோடு எச்சரிக்கைத் தாளும் வைக்க வேண்டும் என்று ஆனது. ஆகவே பக்க விளைவுகளை மகளிடம் சொல்லாமல் விடுவது பற்றி எனக்கு யோசனையே இல்லை. மாத்திரை தொடங்கும் முன் ஒரு மாதம் அவள் மனநிலையை எழுதி வைக்கச் சொல்லலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்குமே. மறுநாள், அப்படிச் சொன்னாலே அவள் தன்னைக் கண்காணிக்கத் தொடங்கிவிடுவாளோ, பதினெட்டு வயதில் யாருக்கும் வருகிற அழுகையைக்கூட மருந்தின் பெயரில் எழுதிக்கொள்வாளோ என்று இருக்கிறது. எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.